கோவாப் புழுவும் மருந்துக்கடைக் கொப்பியும்

மாரி மழை ஓய்ந்து பனி தொடங்கும் காலத்தில் வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களில் கோவாக் கன்றுகள் நிமிர்ந்து நிற்கும். வருடத்தில் சில மாதக் குளிரை மட்டும் நம்பி நாங்கள் செய்யும் பயிர் இது. வெங்காயத்தைப் போலக் கட்டித் தூக்கி வைத்து, விலை ஏறும்வரை காத்திருக்க முடியாது. முற்றினால் வெடிக்கும்; வெட்டினால் சில நாள்களுக்குள் சந்தைக்குப் போயாக வேண்டும். ஆகவே இலையில் ஓட்டை விழத் தொடங்கியதும் விவசாயி பதறுவதில் வியப்பில்லை. பதறியவர் நேரே போகும் இடம் மருந்துக்கடை.

அந்த ஓட்டைகளைப் போடும் பூச்சியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பூச்சியைப் பற்றி எழுத வெளிக்கிட்டால் கடனைப் பற்றியும், கிணற்றைப் பற்றியும், பக்கத்துத் தறைக்காரரைப் பற்றியும் எழுதவேண்டி வருகிறது. அதைத் தவிர்க்க முடியவில்லை.

வைரமுதுகு அந்து என்பது அதன் பெயர். புளூட்டெல்லா சைலோஸ்டெல்லா என்பது விஞ்ஞானப் பெயர். வளர்ந்த அந்து ஒரு சென்ரிமீற்றர் நீளம்கூட இராது. சிறகை மடித்து உட்கார்ந்திருக்கும்போது முதுகில் வெளிர்நிறத்தில் வைரக்கல் வடிவங்கள் வரிசையாகத் தெரியும். பகலில் இலைக்கு அடியில் ஒதுங்கிக் கிடக்கும். நீங்கள் கன்றுகளுக்கு நடுவே நடந்தால் சாம்பல் நிறத்தில் சின்னச் சின்னதாக எழும்பி, கொஞ்சத் தூரம் பறந்து மறுபடியும் அமர்ந்துவிடும். மாலை மங்கியதும் அதற்கு வேலை தொடங்கும். இலையின் நரம்போரங்களில் ஒன்று இரண்டாக முட்டையிடும். ஒரு பெண் அந்து தன் ஆயுளில் 150க்கு மேற்பட்ட முட்டைகளை இடக்கூடியது.

முட்டையிலிருந்து வரும் புழு முதலில் இலைக்குள்ளேயே துளைத்துப் புகுந்து தின்னும். பிறகு வெளியே வந்து இலையின் அடிப்பக்கத்தைச் சுரண்டும். மேல் தோலை மட்டும் விட்டுவைக்கும். இலையைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தால் கண்ணாடி பதித்த யன்னல் போலத் தெரியும். அந்த மேல் தோலும் காய்ந்து உதிர்ந்த பிறகுதான் எங்கள் கண்ணில் ஓட்டையாகப் படுகிறது. இளம்பச்சைப் புழு, இரண்டு முனையும் ஒடுங்கியிருக்கும். தொட்டால் துடித்துப் பின்னோக்கி நெளியும், அல்லது ஒரு நூலில் தொங்கிக் கீழே இறங்கிவிடும். இந்தத் துடிப்பை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். கடைசியில் வலை போன்ற மெல்லிய கூட்டைப் பின்னி அதற்குள் கூட்டுப்புழுவாகும். எங்களுடையதைப் போன்ற வெப்ப நாட்டில் முட்டை தொடக்கம் அந்து வரை இரண்டு மூன்று கிழமைகள் போதும். கோவா நட்டு வெட்டுவதற்கு ஏறக்குறைய மூன்று மாதம். அந்த மூன்று மாதத்துக்குள் அதே தோட்டத்தில் நான்கைந்து தலைமுறை வந்துபோய்விடும்.

கடுகு, முள்ளங்கி, நோக்கோல், பூக்கோவா, கோவா எல்லாம் ஒரே குடும்பம். கடுகை அரைக்கும்போது மூக்கில் ஏறும் காரம் இந்தக் குடும்பத்தின் ஆயுதம். இலை கடிபட்டதும் அதிலிருக்கும் இரு பொருள்கள் கலந்து அந்தக் காரம் உண்டாகும். பெரும்பாலான பூச்சிகளுக்கு அது நஞ்சு. வைரமுதுகுப் புழுவின் குடலிலோ அந்தக் காரம் உருவாகாமலே தடுக்கும் நொதியம் ஒன்று இருப்பதை 2002இல் ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தார்கள். அதோடு, தாய் அந்து முட்டையிட இடம் தேடி வருவதே அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டுதான். செடி தன்னைக் காக்க வைத்திருக்கும் வேலியையே இது வழிகாட்டிப் பலகையாக மாற்றிவைத்திருக்கிறது. நஞ்சோடு பழகிய வயிறு என்பதால், நாங்கள் தெளிக்கும் நஞ்சோடும் கெதியில் பழகிவிடுகிறது போலும்.

அந்தப் பழக்கத்தின் வரலாறு நீளமானது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டீ.டீ.ரி. எல்லா நாட்டுத் தோட்டங்களுக்கும் வந்தது. இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் பாண்டுங் நகரத்துக்கு அருகே லெம்பாங் என்ற மலைப்பிரதேசம் இருக்கிறது. மரக்கறிக்குப் பெயர்போன இடம். அங்கே இந்த அந்து டீ.டீ.ரி.க்குச் சாகவில்லை என்ற செய்தி 1953இல் பதிவானது. பயிர்ப் பூச்சி ஒன்று டீ.டீ.ரி.யை எதிர்த்து நின்றதாக உலகில் வெளிவந்த முதல் அறிக்கை அதுதான் என்கிறார்கள். அதன்பின் வந்த மருந்து வகைகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. பசிலஸ் துரிஞ்ஜியென்சிஸ், சுருக்கமாக பீ.ரீ. என்ற பக்ரீரியாவிலிருந்து எடுக்கும் மருந்து இயற்கையானது, மனிதருக்குத் தீங்கற்றது. இதற்கு எதிர்ப்பு வராது என்று நம்பினார்கள். 1990இல் ஹவாய் தீவுத் தோட்டங்களிலிருந்து அதற்கும் எதிர்ப்பு வந்துவிட்டது என்ற ஆய்வு வெளியானது. பிறகு ஸ்பினோசாட் வந்தது. ஹவாயில் மூன்று வருடம்கூட அது நின்றுபிடிக்கவில்லை. 2000களின் பிற்பகுதியில் டயமைட் வகை மருந்துகள் வந்தன. சில வருடங்களுக்குள் பிலிப்பைன்ஸ், தாய்லாந்து, சீனா எல்லா இடங்களிலும் புழு அதையும் தாங்கிக்கொண்டது. இன்று 90க்கும் அதிகமான மருந்து மூலப்பொருள்களுக்கு எங்கோ ஓரிடத்தில் இது எதிர்ப்புக் காட்டியிருக்கிறது. உலக அளவில் இந்த ஒரு பூச்சியால் ஏற்படும் இழப்பும் கட்டுப்படுத்தும் செலவும் சேர்ந்து வருடத்துக்கு 4 முதல் 5 பில்லியன் அமெரிக்க டொலர் என்று மதிப்பிடுகிறார்கள்.

இது எப்படி நடக்கிறது என்பதை, வலிகாமத்தில் ஆறு பரப்புக் குத்தகைக் காணியில் கோவா செய்யும் ஒரு அக்காவுக்குச் சொல்ல முயன்றேன். அவருக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது. “முதல் அடிச்ச கிழமை எல்லாம் விழுந்திட்டுது தம்பி. ரெண்டாந்தரம் பாதி. பிறகு நான் அடிக்க அடிக்க அது கொழுக்குது” என்றார். பாடப்புத்தகம் பல பக்கத்தில் சொல்வது இதைத்தான். ஆயிரம் புழுக்களில் பத்து, பிறவியிலேயே அந்த மருந்தைத் தாங்கும் உடலோடு இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அடித்ததும் 990 சாகும். மிஞ்சிய பத்தும் தங்களுக்குள் கூடி முட்டையிடும். அடுத்த தலைமுறையில் தாங்குபவைதான் அதிகம். மூன்று கிழமைக்கு ஒரு தலைமுறை என்றால் ஒரே போகத்துக்குள் வித்தியாசம் தெரிந்துவிடும். மருந்து புழுவை மாற்றவில்லை. சாகக்கூடியவற்றைக் கொன்று, சாகாதவற்றுக்கு இடம்விட்டுக் கொடுத்தது.

இதில் இன்னொரு பாதியைப் பலர் சொல்வதில்லை. தோட்டத்தில் புழு மட்டும் வசிக்கவில்லை. இந்தப் புழுவின் உடலுக்குள் முட்டையிட்டு அதை உள்ளிருந்தே தின்னும் சின்னக் குளவிகள் இருக்கின்றன. எறும்பின் அளவுதான் வரும், மனிதரைக் கொட்டாது. சிலந்திகள், எறும்புகள் வேறு. எல்லாவற்றையும் கொல்லும் கடும் மருந்தை அடித்தால் இவை முதலில் சாகும். புழு திரும்பி வரும்; இவை திரும்பிவர நாளாகும். மலேசியாவின் கமரன் ஹைலன்ட்ஸ் மலையில் 1970களில் டயடெக்மா என்ற குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். பல வருடம் பெரிய பலன் இல்லை, ஏனென்றால் தோட்டக்காரர்கள் கடும் மருந்தை விடவில்லை. அந்த மருந்துகளுக்குப் புழு அசையாமல் போய், அவர்கள் பீ.ரீ. போன்ற மென்மையானவற்றுக்கு மாறிய பிறகே குளவி பெருகிப் புழுவை அடக்கியது. அந்தக் குளவி குளிர்ப்பிரதேசத்துக்கு உரியது. யாழ்ப்பாண வெக்கைக்குத் தாங்காது. கொட்டேசியா என்ற இன்னொரு இனம் வெப்பத் தாழ்நிலங்களில் நின்றுபிடிக்கும். எந்தக் குளவியானாலும், அதையும் சேர்த்துக் கொல்லாமல் இருப்பதுதான் முதல் நிபந்தனை.

இனி மருந்துக்கடைக்கு வருகிறேன். கடைக்காரரைக் குற்றவாளி ஆக்குவது எளிது. எனக்கு அதில் விருப்பமில்லை. விவசாயப் போதனாசிரியர் ஒருவரின் பிரிவு பெரியது. அவர் எல்லாத் தோட்டத்துக்கும் போய்வர முடியாது. கடை காலை ஏழு மணிக்குத் திறந்திருக்கிறது. கையில் காசு இல்லாவிட்டாலும் கொப்பியில் எழுதிக்கொண்டு மருந்து தருகிறார். வெட்டு முடிந்ததும் கணக்குத் தீர்க்கலாம். வங்கி தராத கடனை, பிணையாள் கேட்காமல் தருகிறார். நுண்கடன் கம்பனிகளின் கிழமைத் தவணையில் மூச்சுமுட்டிய பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை வெளியில் இருந்து பார்ப்பவர்கள் உணரமாட்டார்கள். ஆனால் ஆலோசனை சொல்பவரும் மருந்து விற்பவரும் கடன் கொடுப்பவரும் ஒரே ஆளாக இருக்கும்போது, இந்தக் கிழமை அடிக்க வேண்டாம் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. முதல் மருந்து கேட்கவில்லை என்றால் விலைகூடிய இரண்டாவது வரும். பிறகு இரண்டையும் கலந்து அடி என்ற யோசனை வரும். கணவரை இழந்த பெண் என்றால் தெளிகருவியைத் தோளில் சுமக்கக் கூலிக்கு ஆள் பிடிக்க வேண்டும்; அதுவும் கொப்பிக்கு வெளியே போகும் செலவு. சந்தையில் கோவா விலை விழுந்த வருடத்தில் அந்தக் கொப்பியைத் திறந்து பார்க்கவே மனம் வராது என்று அந்த அக்கா சொன்னார்.

செலவு பணத்தோடு முடிவதில்லை. குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கியிருக்கும் மழைநீரைத்தான் கிணற்றால் எடுத்துக் குடிக்கிறோம், அதையே இறைக்கிறோம். இந்தக் கல்லில் வெடிப்புகளும் துவாரங்களும் அதிகம். மேலே ஊற்றுவது கீழே போக அதிக நாள் எடுக்காது. தோட்டத்து உரத்திலிருந்து நைத்திரேற்று கிணற்று நீரில் ஏறியிருப்பதைப் பல ஆய்வுகள் வருடக்கணக்காகச் சொல்லிவருகின்றன. இந்த மண்ணில் தெளிகருவியைக் கிணற்றடியில் கழுவுவதும், மிஞ்சிய கரைசலை வாய்க்காலில் ஊற்றுவதும் எனக்கு மிகவும் பயமாக இருக்கிறது.

அப்படியென்றால் மருந்தையே நிறுத்திவிடலாமா? அதையும் நாங்கள் பார்த்துவிட்டோம். 2021 மே மாதம் இரசாயன உரத்தோடு பீடைநாசினி இறக்குமதியும் ஒரே வர்த்தமானியில் தடைசெய்யப்பட்டு, நவம்பரில் கைவிடப்பட்டது. இயற்கை எதிரிகள் வருடக்கணக்காக அழிந்துபோன தோட்டத்தில், மருந்தை மட்டும் ஒரே நாளில் பிடுங்கினால் புழுவுக்கு முன்னால் வெறும் பயிர்தான் நிற்கும். அதற்கு முன்னர், 1990களில் யூரியாவும் மண்ணெண்ணெயும் தடைப்பட்டிருந்த காலத்தில் எங்கள் பெரியவர்கள் சாம்பலும் வேப்பம் விதையும் வைத்துப் பயிர்செய்ததைப் பெருமையாகச் சொல்வார்கள். அவர்களின் கெட்டித்தனத்தில் சந்தேகமில்லை. ஆனால் அது தெரிவுசெய்த விவசாயம் அல்ல, முற்றுகைக்குள் தப்பிப்பிழைத்த விவசாயம். அதை ஒரு பொற்காலமாகக் காட்டி, இன்று கடனில் நிற்பவருக்குப் போதிக்க எனக்கு மனமில்லை.

செய்யக்கூடியவை இவற்றுக்கு நடுவில் இருக்கின்றன. முதலில், தின்பது எந்தப் புழு என்று பார்க்க வேண்டும். ஓர் இலையில் கூட்டமாகப் புழுக்கள் சேர்ந்து, வலைபின்னி, குருத்தை அரித்துக்கொண்டிருந்தால் அது வைரமுதுகு இல்லை. குரோசிடோலோமியா என்ற இன்னொரு இனம். அது முட்டையைத் தட்டையான குவியலாக இடும். அந்த இலைத்துண்டைக் கிள்ளி நசுக்கினால் ஒரு குடும்பமே முடிந்தது. வைரமுதுகின் முட்டையைக் கையால் பொறுக்க முடியாது. இரண்டுக்கும் ஒரே மருந்தை அடிப்பதில்தான் பல கோளாறுகள் தொடங்குகின்றன. அடுத்தது, ஓட்டை எந்த இலையில் என்பது. கன்று பிடித்து வளரும் காலத்தில் வெளி இலைகளில் விழும் கொஞ்ச ஓட்டையைக் கோவா தாங்கும். அந்த இலையை எப்படியும் சந்தையில் உரித்துத்தான் போடுவார்கள். உருண்டை கட்டத் தொடங்கும் காலத்தில் நடு இலைகளில் புழு இருந்தால்தான் அவசரம். கிழமைக்கு இரண்டு தரம், தோட்டத்தின் வெவ்வேறு மூலைகளில் இருபது கன்றுகளைப் புரட்டிப் பார்ப்பதற்கு அரை மணி நேரம் போதும்.

வேம்பு எங்கள் முற்றத்திலேயே நிற்கிறது. காய்ந்த வேப்பம் பருப்பை இடித்து, ஒரு லீற்றர் தண்ணீருக்கு 50 கிராம் வீதம் இரவு ஊறவைத்து, வடித்து, கொஞ்சம் சவர்க்காரக் கரைசல் சேர்த்து மாலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளிக்கலாம். வெயிலில் அது கெதியில் சக்தி இழக்கும், அதனால்தான் மாலை. அடித்த மறுநாள் புழு செத்துக்கிடக்காது. தின்பதைக் குறைக்கும், வளர்ச்சி குழம்பும். உடனே விழவில்லை என்று பலர் இதைக் கைவிடுகிறார்கள். சின்னப் புழுவாக இருக்கும்போது அடித்தால்தான் பலன் உண்டு.

தண்ணீரும் ஒரு மருந்து. பெருமழை அடித்தால் சின்னப் புழுக்கள் இலையிலிருந்து கழுவுப்பட்டுச் சாகும். இந்தப் பூச்சி மழையில்லாத நாள்களில் பெருகுவதற்கு அதுவும் ஒரு காரணம். தூவல் முறையில் மாலை மங்கும் நேரம் இறைத்தால் அந்துகள் கூடுவதும் முட்டையிடுவதும் குழம்புகின்றன என்று பரிசோதித்துக் கண்டிருக்கிறார்கள். ஆனால் இலை இரவெல்லாம் ஈரமாக இருந்தால் அழுகல் நோய் வரும். அதைக் கவனித்தே செய்ய வேண்டும்.

பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் கடுகைப் பொறியாக வைக்கும் முறையைச் சொன்னது. கோவா நடுவதற்கு 15 நாள் முன்னர் கடுகு விதைத்து, 25 வரிசைக் கோவாவுக்கு இரண்டு வரிசைக் கடுகு நிற்கச் செய்தால் அந்துகள் கடுகில் போய் முட்டையிடும். கடுகில் வரும் புழுக்களை மட்டும் அழித்தால் போதும். அழிக்காமல் விட்டால் அந்தக் கடுகே புழுக்களுக்கு நாற்றுமேடை ஆகிவிடும். எல்லா நாட்டிலும் ஒரேமாதிரிப் பலன் தராத முறை இது. இரண்டு பரப்பில் செய்து பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

மருந்து அடித்தே ஆகவேண்டிய நிலை வந்தால், போத்தலின் முன்பக்கத்துப் பெயரைப் பார்க்காமல் உள்ளிருக்கும் மூலப்பொருளின் பெயரைப் பாருங்கள். வேறுவேறு கம்பனி, வேறுவேறு நிறப் போத்தல், உள்ளே ஒரே பொருள் என்பது அடிக்கடி நடக்கிறது. மருந்தை மாற்றிவிட்டோம் என்று விவசாயி நினைப்பார். புழுவுக்கு எதுவும் மாறியிருக்காது. மாற்றுவதற்கும் ஒரு கணக்கு உண்டு. கிழமைக்குக் கிழமை மாற்றினால் ஒரே தலைமுறைப் புழு எல்லா மருந்தையும் ருசிபார்த்துவிடும். ஒரு தலைமுறைக் காலத்துக்கு ஒரு வகை, அடுத்த தலைமுறைக்கு முற்றிலும் வேறு முறையில் கொல்லும் வகை, முதலாவதை மறுபடி கொஞ்சக் காலம் தொடாமல் விடுவது. வெட்டுக்கு முன்னர் எத்தனை நாள் அடிக்கக்கூடாது என்று போத்தலில் எழுதியிருக்கும். அது உண்பவருக்காக மட்டும் எழுதப்பட்டதல்ல. முதலில் அந்தக் கோவாவை வீட்டில் சமைப்பது விவசாயியின் குடும்பம்தான்.

இவ்வளவையும் ஒரு தோட்டக்காரர் ஒழுங்காகச் செய்து, அடுத்த தறைக்காரர் செய்யாவிட்டால்? அந்து வேலி பார்ப்பதில்லை. காற்றில் ஏறிக் கடலையே தாண்டும் பூச்சி இது. 2016இல் ஐரோப்பாவின் கிழக்குப் பக்கத்திலிருந்து பிரித்தானியாவுக்குள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கியது. ஒரு ஊருக்குள் கோவாச் செய்கையாளர்கள் சேர்ந்து, இந்த மாதம் இந்த வகை மருந்து என்று பேசி வைத்தால்தான் மருந்து நீடிக்கும். போருக்கு முந்திய வலிகாமத்தில் பக்கத்துத் தறைக்காரர் மாமாவாகவோ சித்தப்பாவாகவோ இருந்திருப்பார். இன்று ஒரு தறையின் சொந்தக்காரர் கனடாவில், அடுத்ததைக் குத்தகைக்கு எடுத்தவர் வேறு ஊரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர், மூன்றாவது பல வருடம் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்து அண்மையில்தான் விடுபட்டு இன்னும் பற்றையாக நிற்கிறது. ஒருவரின் தொலைபேசி எண் மற்றவரிடம் இல்லை. புழுவைப் பற்றிய அறிவு குறைந்ததைவிட, கேட்டு ஒழுகும் அயல் குலைந்ததுதான் எங்கள் பெரிய சிக்கல் என்று நினைக்கிறேன். கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் உர மானியத்துக்கு அடுத்ததாக இந்த ஒரு விடயத்தைப் பேச வைக்கலாம். போதனாசிரியரை நாற்றுமேடை போடுவதற்கு முன்னரே அந்தக் கூட்டத்துக்கு அழைக்கலாம். புழு வந்த பிறகு அழைத்தால் அவரிடமும் மருந்துப் பெயர்தான் மிஞ்சியிருக்கும்.

குடாநாட்டுக்கு ஒரு வாய்ப்பும் இருக்கிறது. நுவரெலியாவைப் போல இங்கே வருடம் முழுவதும் கோவா நிற்பதில்லை. சித்திரை வெயிலுக்குப் பிறகு இந்தக் குடும்பத்துப் பயிர் பெரும்பாலும் தோட்டத்தில் இராது. புழுவுக்குத் தீன் குறையும் காலம் அது. அந்த இடைவெளியைக் கெடுப்பது வெட்டி முடித்த தோட்டத்தில் விட்டுவைக்கும் அடிக்கட்டைகள். அவை மறுபடி துளிர்க்கும்; துளிரில் புழு தங்கும்; அடுத்த போகத்துக்குக் குடும்பத்தோடு காத்திருக்கும். கடைசிக் கோவாவை வெட்டிய கையோடு கட்டைகளைப் பிடுங்கி, உழுது புரட்டவோ தாட்டு உரமாக்கவோ வேண்டும். அண்மையில் மருந்து அடித்த தோட்டமென்றால் அந்தக் கட்டைகளை ஆட்டுக்குப் போடவேண்டாம்.